அல்சாஸ் ஒயின் பாதையில் ஏழு நாள்: எந்த ஊரை விடுவது?

கேள்வியை முதலில் ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். நீங்கள் கோவையிலிருந்து எழுதுகிறீர்கள். செப்டம்பர் கடைசி வாரம் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ஏழு நாள், ஆறு இரவு. நீங்கள், மனைவி, அறுபதைத் தாண்டிய அம்மா அப்பா. வாடகைக் கார். பதினான்கு ஊர்களைப் பட்டியல் போட்டு, எந்த வரிசையில் போனால் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறீர்கள்: அம்மா அப்பா சுத்த சைவம், குடிப்பழக்கம் இல்லை, ரொம்ப தூரம் நடக்கவும் முடியாது, அவர்களுக்கு இந்த இடம் பிடிக்குமா என்று. என்னைக் கேட்டால் அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் ஊர்களின் வரிசை தானாக அமைந்துவிடும்.

நான் பத்து வருடங்களுக்கு மேலாக இந்தப் பக்கம் வசிக்கிறேன். பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் தொழில். ஊரிலிருந்து வருகிற உறவினர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றிய கணக்கு தனி. தூரம், சாலை விதி, வரலாறு பற்றிச் சொல்வதெல்லாம் உறுதியாகத் தெரிந்தவை. எந்த ஊர் அழகு, எங்கே தங்கினால் சுகம் என்பதெல்லாம் என் ரசனை, அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அல்சாஸ் ஒயின் பாதை என்று 1953-ல் அறிவித்த சாலை, வடக்கே மார்லென்ஹைமில் தொடங்கித் தெற்கே டான் என்கிற ஊரில் முடிகிறது. மொத்தம் 170 கிலோமீட்டர். கோவையிலிருந்து சேலம் போகிற தூரம்தான். அதனால்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். வரைபடத்தில் ஊர்கள் விரல் நுனிகளைப் போல ஒட்டிக்கொண்டிருக்கும். ரிபோவில்லேயிலிருந்து பெர்க்ஹைம் நாலு கிலோமீட்டர், கோல்மாரிலிருந்து எகிஸ்ஹைம் ஏழு கிலோமீட்டர். ஒரு நாளைக்கு ஐந்து ஊர் பார்க்கலாம் போலிருக்கும். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் வண்டியை மதில் சுவருக்கு வெளியே நிறுத்தி, இயந்திரத்தில் காசு போட்டு, கருங்கல் பாவிய தெருவில் ஏறி இறங்கி, திரும்பி வந்து வண்டியை எடுக்க வேண்டும். அம்மா அப்பாவோடு இதை ஒரு நாளில் ஐந்து முறை செய்ய முடியாது. ஒரு தடவை என் சித்தப்பா குடும்பத்தை ஒரே நாளில் ஆறு ஊருக்கு அழைத்துப் போனேன். ராத்திரி கைபேசியில் படம் பார்க்கும்போது சித்தி, "இது எந்த ஊருப்பா?" என்று ஒவ்வொரு படத்துக்கும் கேட்டார். எனக்கே இரண்டு படத்துக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு ஊருக்கு மேல் யாருக்கும் போட்டுக் கொடுப்பதில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, நடுவில் நீண்ட மதியச் சாப்பாடு.

உங்கள் ஆறு இரவில் முதல் இரண்டை ஸ்ட்ராஸ்பூரில் வையுங்கள், கார் இல்லாமல். நகருக்குள் டிராம் போதும், பழைய நகரம் முழுக்க நடக்கிற தூரம். மூன்றாம் நாள் காலை அங்கேயே காரை எடுங்கள். மீதி நாலு இரவும் ஒரே ஊரில், ஒரே வீட்டில். தினமும் பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதைப் போலப் பெரியவர்களைக் களைப்பாக்குவது வேறில்லை. அந்த ஒரே ஊராக நான் சொல்வது துர்க்ஹைம். பட்டியலில் நீங்கள் எழுதாத ஊர். கோல்மாரிலிருந்து ஆறேழு கிலோமீட்டர். மூன்று பழைய வாசல் கோபுரங்கள் உள்ள சின்ன ஊர். பிரபலம் குறைவு என்பதால் சாயங்காலம் அமைதியாகிவிடும். இன்னொரு காரணம், அங்கே ரயில் நிலையம் இருக்கிறது. கோல்மாருக்குக் கார் இல்லாமலே போய் வரலாம். மே முதல் அக்டோபர் வரை இரவு பத்து மணிக்கு இந்த ஊரின் காவல்காரர் விளக்கும் ஈட்டிக்கோடரியும் கொம்புமாகக் கிளம்புவார். தெருமுனைகளில் நின்று அல்சாஸ் மொழியில் பாடுவார்: விளக்கையும் அடுப்பையும் பார்த்து அணையுங்கள் என்கிற பழைய எச்சரிக்கை. பின்னாலேயே முப்பது நாற்பது பேர் நடப்பார்கள். உங்கள் அப்பாவுக்கு இது கட்டாயம் பிடிக்கும். நம் ஊர்களில் ராத்திரி கூர்க்கா விசிலடித்துப் போன காலம் நினைவுக்கு வரும்.

ஸ்ட்ராஸ்பூரில் எல்லோரும் சொல்வது பேராலயம்தான். அதன் ஒற்றைக் கோபுரம் 142 மீட்டர், 1439-ல் முடிந்தது. 1647 முதல் 1874 வரை உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான். மேல்தளத்துக்கு 332 படி. அது உங்களுக்கும் மனைவிக்கும் மட்டும். பெரியவர்களுக்கு உள்ளே இருக்கிற வானியல் கடிகாரம். மதியம் 12.30-க்குப் பொம்மைகள் வரிசையாக நகரும். அப்புறம் அதிகம் பேர் போகாத ஒரு இடம்: நகர மருத்துவமனைக்கு அடியில் இருக்கிற ஒயின் நிலவறை. 1395-ல் தொடங்கியது. நோயாளிகள் சிலர் மருத்துவச் செலவுக்குப் பதிலாகத் திராட்சைத் தோட்டங்களை எழுதிக் கொடுத்த காலத்தில் வளர்ந்தது. அங்கே 1472-ஆம் ஆண்டின் வெள்ளை ஒயின் ஒரு பீப்பாயில் இன்னும் இருக்கிறது. இத்தனை நூற்றாண்டுகளில் மூன்று முறைதான் வெளியே ஊற்றியிருக்கிறார்கள். கடைசியாக 1944-ல், ஜெர்மானியரிடமிருந்து நகரை மீட்ட தளபதி லெக்லேருக்கு. குடிக்காதவர்களையும் அந்தப் பீப்பாய் முன்னால் நிறுத்திவிடும்.

மூன்றாம் நாள் காரில் தெற்கே இறங்குங்கள். ஒபெர்னேயில் காலை, பிறகு மோன் சாந்த் ஓடில் மலை. 763 மீட்டர் உயரம், உச்சியில் ஒரு மடம், வாசல் வரை கார் போகும். பிறவியிலேயே பார்வையில்லாத ஓடில் ஞானஸ்நானத்தின்போது பார்வை பெற்றாள் என்பது ஐதீகம். சற்றுக் கீழே ஒரு ஊற்று. கண் நோயுள்ளவர்கள் வந்து கண்ணைக் கழுவிக்கொண்டு போகிறார்கள். நம் அம்மாக்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. நான் அழைத்துப்போன அத்தனை அம்மாக்களும் கேட்காமலே கையில் நீரை ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மடத்தின் முற்றத்திலிருந்து ரைன் சமவெளி முழுக்கத் தெரியும். தெளிந்த நாளில் அக்கரையில் ஜெர்மனியின் கருங்காடு. உங்கள் பட்டியலில் கருங்காடும் இருக்கிறது. அதை இங்கிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள், போக வேண்டாம்.

அந்த முற்றத்தில் நிற்கும்போது அப்பாவிடம் சொல்ல ஒரு விஷயம். கோவைக்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை அந்தப் பக்கமே இறக்கிக்கொள்வதால் கோவை மழை மறைவில் இருக்கிறதல்லவா, அதே கதைதான் இங்கே. அட்லாண்டிக்கிலிருந்து வரும் மேகங்களை வோஜ் மலைத்தொடர் மறித்துவிடுகிறது. கோல்மாருக்கு ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான். பிரான்சின் வறண்ட நகரங்களில் ஒன்று. இத்தனை வடக்கே இருந்தும் திராட்சை நிதானமாகப் பழுக்கிறதென்றால் அந்த வெயில்தான் காரணம். சரிவுகளின் அடிவாரத்தில் தோட்டம், தோட்டத்தின் மடியில் ஊர், மேலே காடும் பாழடைந்த கோட்டையும். டான் வரை இதே அமைப்புதான் திரும்பத் திரும்ப வரும்.

ஒயின் பற்றி இப்போது. இங்கே பத்தில் ஒன்பது பங்கு வெள்ளை. பிரான்சின் மற்ற பகுதிகளில் புட்டியில் பெரும்பாலும் ஊர்ப் பெயர்தான் இருக்கும். இங்கே திராட்சையின் பெயரையே எழுதுவார்கள். அதனால் புதியவர்களுக்குச் சுலபம். ரீஸ்லிங் என்றால் புளிப்பும் தெளிவும். கெவுர்ஸ்ட்ராமினர் என்றால் ரோஜாவும் லிச்சிப் பழமும் மணக்கும். பினோ கிரி கொஞ்சம் கனம். மஸ்கா குடித்தால் பச்சைத் திராட்சையைக் கடித்தது போலவே இருக்கும். இந்த நான்கையும் உயர்வாக வைப்பார்கள். கிராண்ட் க்ரூ என்று தனி மதிப்புப் பெற்ற சரிவுகள் மட்டும் 51 இருக்கின்றன. இவ்வளவு தெரிந்தால் போதும். மீதியைத் தோட்டக்காரரே சொல்வார்.

ருசி பார்க்கப் பெரிய நிறுவனங்களைத் தேடாதீர்கள். குடும்பமாக நடத்தும் சின்னத் தோட்டம் ஒன்றை முதல் நாளே தொலைபேசியில் கேட்டு, காலை பத்தரை மணிக்கு நேரம் வாங்குங்கள். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு நேரம், பல இடங்களில் ஞாயிறு விடுமுறை. நீங்கள் போகும் வாரத்தில் அறுவடை நடக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள், வெயில் கூடிய வருடங்களில் முன்னதாகவே முடிந்துவிடுகிறது. நடந்தால் அவர்களுக்குப் பேச நேரம் இருக்காது, அதற்காக வருத்தப்படாதீர்கள். தோட்டத்து ஓரம் நின்று பாருங்கள். க்ரெமான் என்கிற நுரைக்கும் ஒயினுக்கான குலைகளைக் கையால்தான் பறிக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் வரிசை வரிசையாக ஆட்கள் இருப்பார்கள். அந்த நாட்களில் ஊரே புளித்த சாறு மணக்கும்.

நிலவறைக்குள் அழைத்துப்போனால் பீப்பாய்களின் முகப்பைக் கவனியுங்கள். ஆள் உயரத்துக்கும் மேலே நீள்வட்டமாக நிற்கும் பழைய ஓக் பீப்பாய்கள், சிலவற்றின் முகப்பில் செதுக்கு வேலை. அடியில் ஒரு சின்னக் கதவு, நம் வீட்டுப் பூஜை மாடக் கதவு அளவுதான் இருக்கும். அதன் வழியாக ஒரு ஆள் தோளைக் குறுக்கி உள்ளே நுழைந்து கழுவுவார். எனக்குப் பழக்கமான ஒரு தோட்டத்தில் பெரியவர் அந்தக் கதவைத் திறந்து விளக்கைக் காட்டினார். உள்சுவர் முழுக்க உப்புப் படிகம் ஒட்டி மினுமினுத்தது. ஒயினிலிருந்து வருடக்கணக்காகப் படிந்த டார்ட்டர் உப்பு. நகத்தால் சுரண்டிக் கொடுத்தார், நாக்கில் வைத்தால் புளியங்கொட்டை ஓட்டில் ஒட்டியிருக்கும் புளியை நக்கியது போல இருந்தது. புளியின் புளிப்புக்கும் காரணம் அதே டார்டாரிக் அமிலம்தான். அன்று கூட வந்திருந்த என் மாமியார் ஒரு சொட்டு ஒயின் தொடவில்லை. ஆனால் ஊருக்குப் போய் எல்லோரிடமும் சொன்னது அந்தப் படிகத்தைப் பற்றித்தான்.

கார் ஓட்டுபவர் என்ன செய்வது? இதில் சமாதானமே கிடையாது. பிரான்சில் வரம்பு ஒரு லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால். புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்கு 0.2. ஐந்தாறு ருசிக் குவளை விழுங்கினால் எவ்வளவு ஏறும் என்று யாரும் துல்லியமாகச் சொல்ல முடியாது. மேசையில் துப்புவதற்குப் பாத்திரம் இருக்கும். துப்பினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், தொழிலில் இருப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். இதைவிட நல்ல வழி, துர்க்ஹைமில் தங்கும் இடத்துக்கு நடக்கிற தூரத்திலேயே ருசி பார்ப்பது. அன்று காரைத் தொடவே வேண்டாம். சின்ன இடங்களில் ருசி பார்க்கப் பணம் வாங்காமலும் இருக்கலாம். அப்படியானால் ஒன்றிரண்டு புட்டி வாங்கிக்கொண்டு வருவது மரியாதை. அம்மா அப்பாவுக்குத் திராட்சைச் சாறு கேளுங்கள், பல தோட்டங்களில் சொந்தச் சாறு விற்பார்கள்.

ஊர்களில் ரிக்வீரை விடக் கூடாது. ஆனால் எப்போது போகிறீர்கள் என்பதில்தான் எல்லாம். பதினோரு மணிக்குப் பேருந்துகள் வந்துவிடும், தெருவில் தோள் இடிக்கும். எட்டு மணிக்குப் போங்கள். ரொட்டிக் கடை மட்டும் திறந்திருக்கும். யாரோ கடைவாசலில் வாளித் தண்ணீரை வீசித் தேய்த்துக்கொண்டிருப்பார்கள், அந்த ஈரத்தில் மரச்சட்ட வீடுகளின் நீலமும் மஞ்சளும் தெரியும். தெருவின் மேல்கோடியில் டோல்டர் கோபுரம், 1291-ல் கட்டியது. இரண்டாம் உலகப் போரில் பெரிய சேதமில்லாமல் தப்பிய ஊர் இது. அங்கிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டரில் ஹுனாவீர். தோட்டங்களுக்கு நடுவே மதில் சூழ்ந்த தேவாலயம். 1687 முதல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் அந்த ஒரே கட்டடத்தில் முறை வைத்து வழிபடுகிறார்கள். அதே ஊரில் நாரைப் பண்ணை. 1970-களில் அல்சாஸ் முழுக்கப் பத்து ஜோடிக்கும் குறைவான வெள்ளை நாரைகள்தான் மிஞ்சியிருந்தன. இன்று கூரைக்குக் கூரை கூடு இருக்கிறதென்றால் இப்படிப்பட்ட வளர்ப்பு மையங்கள்தான் காரணம். எகிஸ்ஹைமை ஒரு சாயங்காலத்துக்கு வையுங்கள். வட்டத்துக்குள் வட்டமாகத் தெரு, தரை ஓரளவு சமம். அம்மா மெதுவாக ஒரு சுற்று வந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம்.

கோல்மாருக்கு ஒரு முழு நாள். கால்வாய் ஓரத்து வீடுகளைப் படம் எடுக்கத்தான் கூட்டம் வருகிறது, நீங்களும் எடுங்கள். நியூயார்க் சுதந்திர தேவி சிலையைச் செய்த பார்த்தோல்டி 1834-ல் இங்கேதான் பிறந்தார். ஆனால் காலையில் முதல் வேலையாக உன்டர்லிண்டன் அருங்காட்சியகம் (செவ்வாய்க்கிழமை விடுமுறை). அங்கே இருப்பது ஈசன்ஹைம் பீட ஓவியம் (தேவாலயப் பீடத்தில் வைக்கிற, மடித்துத் திறக்கும் பல பலகைகளில் தீட்டியது), 1512-க்கும் 1516-க்கும் இடையில் மத்தியாஸ் க்ரூனவால்ட் வரைந்தது. ஈசன்ஹைம் மடத்துத் துறவிகள் ஒரு கொடிய நோய்க்கு வைத்தியம் பார்த்தார்கள். ரை தானியத்தில் பிடிக்கும் பூஞ்சை ரொட்டி வழியாக உடலுக்குள் போய், கைகால் தீயில் வைத்தது போல எரிந்து, கறுத்து அழுகும். புனித அந்தோணியின் நெருப்பு என்று பெயர். துறவிகள் நல்ல ரொட்டியும் மூலிகைக் களிம்பும் கொடுத்தார்கள். புனிதரின் எலும்பு மேல் ஊற்றி எடுத்த ஒயினையும் கொடுத்தார்கள். நோயாளிகளைக் கொண்டுவந்து கிடத்தியது இந்த ஓவியத்தின் முன்னால்தான். அதனால்தான் சிலுவையில் தொங்கும் இயேசுவின் தோல் முழுக்க முள் குத்திய புண்கள், விரல்கள் வலியில் விறைத்து விரிந்திருக்கின்றன. இன்னொரு பலகையின் இடது மூலையில் வயிறு வீங்கி, உடம்பெல்லாம் கொப்புளத்தோடு ஒருவன் கிடக்கிறான். பார்க்க வந்த நோயாளி அவனிடம் தன்னைக் கண்டிருப்பான். அதே பீடத்தின் மடிப்பைத் திறந்தால் ஒளிவட்டத்துக்குள் எழும் உயிர்த்த உடம்பு, ஆணித் தழும்பைத் தவிர ஒரு புண் கிடையாது. இப்போது பலகைகளைத் தனித்தனியாக நிறுத்தியிருப்பதால் சுற்றி நடந்து எல்லாவற்றையும் பார்க்கலாம். இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் கொடுங்கள். உங்கள் அம்மா கிறிஸ்தவர் இல்லை என்பதால் தயங்க வேண்டாம். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்கள் யாரும் அதைச் சட்டென்று கடந்து போனதில்லை.

இன்னொரு அரை நாள் உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு குன்றுக்கு. அல்சாஸ் 1871-ல் ஜெர்மனிக்குப் போய், 1918-ல் பிரான்சுக்கு வந்து, 1940-ல் நாஜிகள் பிடித்து, மறுபடி பிரான்சான மண். வீட்டை விட்டு நகராமலே ஒருவர் நாலு முறை நாடு மாறியிருக்கலாம். 1944-45 குளிர்காலச் சண்டையில் பென்வீர், சிகோல்ஸ்ஹைம், அம்மெர்ஷ்வீர் எல்லாம் இடிந்து விழுந்தன. அதனால்தான் ரிக்வீருக்குப் பக்கத்திலேயே இவை புதிய வீடுகளோடு இருக்கின்றன, பயணிகள் நிற்காமல் போய்விடுகிறார்கள். சிகோல்ஸ்ஹைம் குன்றின் மேல் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் படைவீரர்களின் கல்லறைகள். வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இறந்த முஸ்லிம் வீரர்களும் அதில் நிறைய. கீழே நாலா பக்கமும் திராட்சை வரிசைகள். ஒயின் பாதையின் மிக அழகான காட்சி எது என்று கேட்டால் நான் இந்தக் கல்லறைத் தோட்டத்தைச் சொல்வேன்.

சாப்பாடு. இங்கே பேர்போனதெல்லாம் பன்றி இறைச்சிதான், அதனால் முன்கூட்டியே தயாராகுங்கள். தார்த் ஃப்ளாம்பே என்று மெல்லிய தட்டை ரொட்டியில் பாலேடும் வெங்காயமும் போட்டுச் சுடுவார்கள், பன்றித் துண்டு வழக்கமாக உண்டு. "சான் லார்டோன்" என்று சொன்னால் அது இல்லாமல் தருவார்கள். பிபெலஸ்கேஸ் கேளுங்கள்: தண்ணீர் வடித்த தயிர் போன்ற வெள்ளைப் பாலாடைக்கட்டியில் பூண்டும் பச்சிலையும் கலந்து, வறுத்த உருளைக்கிழங்கோடு வரும். அப்பா இரண்டாம் நாளும் அதையே கேட்பார். சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கும், விசாரிக்காமல் வாங்காதீர்கள். கூகல்ஹோஃப் என்கிற பாதாம் வைத்த கேக்கில் உலர்திராட்சையை மதுவில் ஊற வைத்திருக்கலாம், உப்பு வகையில் பன்றித் துண்டு இருக்கும். இரண்டையும் கேட்டு வாங்குங்கள். சமையலறை மதியம் இரண்டு மணிக்கு மூடினால் ஏழு மணிக்குத்தான் திறக்கும். தங்கும் இடத்தில் அடுப்பு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். குக்கரும் ஒரு கிலோ பொன்னி அரிசியும் பெட்டியில் வந்தால் தப்பே இல்லை.

கார் விஷயத்தில் நாலே வார்த்தை. இந்திய உரிமத்தோடு ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள், வாடகை நிறுவனம் கேட்கும். ஸ்டீயரிங் இடப்பக்கம், சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். பழக்கமில்லாத கைக்கு கியர் தொல்லை வேண்டாம், ஆட்டோமேட்டிக் வண்டியைத் தனியாகச் சொல்லி முன்பதிவு செய்யுங்கள். கிராமத்துச் சந்திப்பில் பலகை எதுவும் இல்லையென்றால் வலப்பக்கத்துச் சந்திலிருந்து வருகிற வண்டிக்கே முன்னுரிமை. அவர் உங்களைப் பார்க்காமலே வந்துவிடுவார், அது அவர் உரிமை. ஜெர்மனியில் எடுத்து பிரான்சில் விட்டால் கட்டணம் கணிசமாக ஏறும்.

ஆக, உங்கள் பட்டியலிலிருந்து கருங்காடு, சுவிட்சர்லாந்தின் பாசல், டான், நெஃப் பிரிசாக் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். ஓ-கோனிக்ஸ்பூர் கோட்டை ஒன்றுதான் எனக்கே மனசில்லாமல் விடுவது. 1900-லிருந்து 1908 வரை ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்லியம் திரும்பக் கட்ட வைத்தது, பிரமாதமான இடம். ஆனால் உள்ளே முழுக்கப் படிகள். ஒரு காலைப்பொழுது நீங்களும் மனைவியும் மட்டும் போய் வாருங்கள், பெரியவர்கள் துர்க்ஹைமில் வாசலில் உட்கார்ந்திருக்கட்டும்.

திரும்பும்போது ஒன்று. அல்சாஸ் புட்டி ஒல்லியாக உயரமாக இருக்கும், சாதாரண ஒயின் பெட்டிக்குள் அடங்காது. வாங்கும் இடத்திலேயே அந்த அளவுக்கான அட்டைப் பெட்டி கேளுங்கள், அதைத் துணிகளுக்கு நடுவில் வைத்துச் சரக்குப் பெட்டியில் போடுங்கள். இந்தியாவுக்குள் ஒருவருக்கு இரண்டு லிட்டர் மது வரை சுங்கவரி கிடையாது. திராட்சைச் சாறு அந்தக் கணக்கில் வராது, அம்மாவுக்கு இரண்டு புட்டி சேர்த்தே வாங்குங்கள்.